வயிற்றுக்கு வைத்த சந்தனப் பொட்டு

தெய்வசிகாமணி தன் வாழ்நாளில் ஓர் எறும்பைக்கூடத் தெரிந்து மிதித்தவரில்லை. அப்பேர்ப்பட்டவர், புரட்டாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, காலை ஒன்பதரைக்குள் பல லட்சம் கோடி உயிர்களைத் தேய்த்துக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

நடந்த இடம் சந்திரன். நாள் ஆயுத பூஜை.

சந்திரனில் தரைக்கடியில் இருந்த அந்த லெட்டூஸ் கீரைப் பண்ணை, கோயமுத்தூரில் தலைமை அலுவலகம் வைத்திருந்த பசுந்தாரகை விண்வேளாண்மை நிறுவனத்துக்குச் சொந்தம். மண் கிடையாது. அடுக்கடுக்கான குழாய்களில் தண்ணீர் ஓடும், வேர்கள் அதில் தொங்கும், மேலே ஊதா விளக்கு எரியும். விதைப்பது, நடுவது, பறிப்பது எல்லாம் இயந்திரக் கைகள். விளைந்த இலை இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த சொகுசு விடுதிக்குப் போகும். பூமி உதிப்பதைப் பார்க்க அங்கே வந்து தங்குவார்கள். பூமி உதிப்பதில்லை, ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை டிக்கெட் எடுத்த பிறகுதான் சொல்வார்கள். அந்த ஏமாற்றத்தை ஈடுகட்ட இரவு உணவில் ஒரு கிண்ணம் லெட்டூஸ் வரும். பக்கத்திலேயே ஓர் அட்டை: ‘முழுக்க முழுக்க உள்ளூர் இயற்கை உரத்தில் விளைந்தது.’

மாடில்லாத ஊரில் இயற்கை உரத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறவர்கள், எட்டுப் பேர் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தாங்களே யோசித்துக்கொள்ளலாம். அது குழாய் வழியாக ஒரு பெரிய தொட்டிக்குப் போகும். தொட்டியின் அதிகாரபூர்வப் பெயர் பதினோரு சொல் நீளம். எல்லோரும் அதை வயிறு என்றார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் தெய்வசிகாமணி. பதவி, சுகாதார அதிகாரி. ஊரில் ஆறு வருஷம் ஒரு மில் கேன்டீனில் மேற்பார்வை பார்த்தபோது, கையைக் கழுவுங்க என்று அவர் சொன்னதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இங்கே அறைக்கதவில் பெயர்ப்பலகையே இருந்தது. தினமும் அதைத் துடைத்துவிட்டுத்தான் பல் துலக்குவார். நேர்முகத் தேர்வில் சுகாதாரத்தைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மலச்சிக்கல் உண்டா என்று மட்டும் மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். சுகாதார அதிகாரிக்கு அதுவும் சுகாதாரம்தானே என்று அவர் எடுத்துக்கொண்டார். கழிப்பறைகூட மரியாதை தெரிந்ததாக இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு மணி அடித்து, “நன்றி. மீண்டும் வருக” என்று சொல்லும். இவர் பதில் சொன்னதில்லை. இயந்திரத்தோடு என்ன பேச்சு?

ஆயுத பூஜையன்று நிலாவண்டியின் சக்கரத்துக்கடியில் அச்சில் வார்த்த எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கணினிக்குப் பொட்டு, திருப்புளிக்குப் பொட்டு. தெய்வசிகாமணிக்கு அது போதவில்லை. இத்தனை பேருக்கும் உழைக்கிற வயிற்றுக்கு ஒரு பூஜை இல்லையா? மூடியைத் திறந்தார். உள்ளே ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் வளையங்கள், ஒவ்வொன்றிலும் பழுப்பாக, வழவழவென்று என்னவோ அப்பியிருந்தது. அவருக்கு ரத்தம் கொதித்தது. கிருமிநாசினியில் மூன்று தரம் அலசி, மஞ்சள் தண்ணீரில் ஒரு தரம் முக்கி எடுத்து, வளையம் வளையமாகத் துடைத்தார். வேலை முடிந்தபோது தொட்டியில் முகம் பார்க்கலாம்போல இருந்தது. பார்த்தார். சந்தனம் வைத்தார்.

அன்று அவரால் சுத்தம் செய்ய முடியாமல் போனது ஒரே ஒரு இடம்தான். குழாய்ப் பொறியாளர் ஜெனோவாவின் குளியலறை. தரைக் குழாயைக் கழற்றித் தரச் சொன்னதற்கு, தூத்துக்குடிக்காரியான ஜெனோவா படுத்த இடத்திலிருந்தே கதவுக்கு வெளியே குரல் கொடுத்தாள்.

“அண்ணாச்சி, ஆயுத பூஜைக்கு ஸ்பேனரத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீய? தொடாம எப்படிக் குழாயக் கழட்ட? சாமி குத்தமாயிரும்லா.”

“நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானுங்களே அம்மிணி?”

“அதுக்காவ உங்க சாமிய மதிக்காம இருக்க முடியுமா?”

மறுநாள் அவள் இல்லாத நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்தார். தரைக் குழாயின் வளைவுக்குள் டார்ச் அடித்தார். வெளியே வந்து நேராக மேசைமுன் உட்கார்ந்து அவள்மேல் மூன்றாவது புகாரை எழுதினார். முதலாவது காயாத துண்டைப் பற்றியது. இரண்டாவது, மெத்தைக்கடியில் கிடந்த கடலைமிட்டாய்த் துணுக்குகளைப் பற்றியது. மூன்றாவதில் அவருடைய நடை உச்சத்தைத் தொட்டது: ‘வழவழப்பான, பழுப்பு நிறமான, அரை அங்குலத் தடிமனுள்ள, தொட்டால் மனம் பதறக்கூடிய படலம்.’ மூன்று புகார் சேர்ந்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சந்திரனிலிருந்து கோயமுத்தூருக்குச் செய்தி ஒன்றேகால் நொடியில் போய்விடும். அங்கே கோப்பு நகரத்தான் நாற்பது நாள் ஆகும்.

பதினைந்தாம் நாள் லெட்டூஸ் வெளிறியது.

முதலில் அடியிலைகள் மஞ்சளாயின. பிறகு செடியே மாசக்கடைசிச் சாம்பார்போல நிறம்விட்டுப் போனது. கூடவே ஒரு வாடை. சின்ன ஊர் பேருந்து நிலையத்தின் பின்சுவருக்குப் பக்கத்தில் வருகிற அதே வாடை. முதல் நாள் இரண்டு பேர் அதை முகர்ந்துவிட்டு ஊர் ஞாபகம் வந்து கண்கலங்கினார்கள். மூன்றாம் நாள் எல்லோருக்குமே கண் கலங்கியது, வேறு காரணத்தால்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆளுக்கு நான்கு இலை கொடுப்பது வழக்கம். பதினான்கு மாதமாகப் பொட்டலத்தில் வந்த கூழ், பொட்டலத்தில் வந்த இட்லி, பொட்டலத்தில் வந்த தயிர்சாதம் என்று சாப்பிட்டவர்களுக்கு, வாரத்தில் ஒருமுறை பல்லுக்கடியில் கறுக்கென்று சத்தம் கேட்பது அந்த நான்கு இலையில்தான். அது நின்றது. அடுத்த புதன்கிழமை, ஸ்பூனைத் தட்டில் இடித்தான் என்பதற்காக இரண்டு பெரிய மனிதர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை ஒருவர் சத்தத்துக்காகப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்ததைத் தெய்வசிகாமணியே பார்த்தார்.

பண்ணைத் தலைவி அங்கயற்கண்ணி எட்டுப் பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மதுரைக்காரர். பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

“விடுதிக்காரன் ரெண்டு மாசம் பொறுப்பான். அதுக்கப்புறமும் இலை வரலைன்னா இயற்கை உரத்தைத் தூக்கிட்டு ரசாயன உப்பு உரத்துக்கு மாத்திருவாங்க. மூட்டை உப்பு வந்து இறங்கிருச்சுன்னா மெஷினே எல்லாத்தையும் பாத்துக்கிரும். நாம எட்டுப் பேரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.”

“உப்பு வந்தாலுங் சுகாதார அதிகாரி ஒருத்தர் வேணுமுங்களே?” என்றார் தெய்வசிகாமணி.

செடி மருத்துவர் நூர்ஜகானுக்கு இருமல் வந்தது.

இருமி முடித்து நூர்ஜகான் விளக்கினார். “செடிக்குப் பல்லு கிடையாது. நாம குடுக்கிறத அப்படியே தின்னாது. சமைச்சுப் போடணும். அந்தச் சமையலுக்கு ரெண்டு ஆள், ரெண்டும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. முதல் ஆளு, நாம குடுக்கிறத அம்மோனியாவாக்குவான். இப்ப மூக்கத் துளைக்குதே, அது அவன் கைவண்ணம். ரெண்டாவது ஆளு அந்த அம்மோனியாவ நைட்ரேட்டாக்குவான். அதத்தான் செடி சாப்பிடும். முதல் ஆளப் பத்திக் கவலையே இல்ல, நம்ம குடல்லயே குடும்பத்தோட இருக்கான். ரெண்டாவது ஆளத்தான் காணோம். ஒட்டுமொத்தமா காணோம்.”

“எங்க போயிட்டானுங்க?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

“அதான் புரியல. மகா சோம்பேறி அவன். ஈரமா ஒரு இடம் பாத்து ஒட்டி உக்காந்தான்னா மாசக்கணக்குல யாரும் தொடக்கூடாது, அப்பத்தான் பெருகுவான். வயித்துக்குள்ள வளையத்துல பழுப்பா, வழவழப்பா, அரை அங்குலத்துக்கு ஒட்டிட்டு இருந்திருப்பான்...”

தெய்வசிகாமணிக்கு அந்த வாக்கியம் எங்கோ படித்ததுபோல இருந்தது. அவரே எழுதியது.

“பூமியில இருந்து வரவழைக்கலாமுங்களா?”

“அடுத்த கப்பல் அஞ்சு மாசம் கழிச்சு. இந்த நிலையத்துல எங்கயாவது, யாரும் தொடாத ஒரு ஈரமான மூலை இருந்தாச் சொல்லுங்க. நீங்கதான் எல்லா மூலையும் தெரிஞ்சவரு.”

எல்லா மூலையையும் அவர்தான் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தவிர.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜெனோவாவின் கதவுக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றார். உள்ளே கடலைமிட்டாய் உடையும் சத்தம் கேட்டது.

“யாரு, அண்ணாச்சியா? வாங்க வாங்க. பாத்து வாங்க, கால் அழுக்காயிரும்.”

“அம்மிணி, ஒரு உதவி வேணுமுங்.”

“என்ன, மூணாவது புகாருக்குச் சாட்சிக் கையெழுத்தா?”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“எழுதும்போது வாய்விட்டுப் படிச்சிக்கிட்டே எழுதுவீய அண்ணாச்சி. நடுவுல இருக்கது தகரச் சுவரு. ‘மனம் பதறக்கூடிய’ன்னு வந்த இடத்துல எனக்கே ஒருமாதிரி ஆயிட்டு.”

தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார். தரையில் பார்க்க நிறைய இருந்தது. பிறகு ஒரே மூச்சில், ஆயுத பூஜைக்கு வயிற்றைத் தாம்தான் கழுவினார் என்பதையும், மூன்று தரம் கழுவினார் என்பதையும், மஞ்சள் தண்ணீரையும் சொல்லி முடித்தார்.

ஜெனோவா சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“மூணு புகார் போச்சுன்னா என்னைய ஊருக்கு ஏத்தி விட்டுருவாவ. தெரியும்லா?”

“தெரியுமுங்.”

“தெரிஞ்சேதான் எழுதுனீயளா?”

“ஆமாங்.”

“எதுக்கு? உங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?”

யோசித்துப் பார்த்தார். நல்லதாக ஒரு காரணம் கிடைத்தால் சொல்லலாம் என்றுதான் யோசித்தார். கிடைக்கவில்லை. “அழுக்கா இருந்துச்சுங்க” என்றார்.

ஜெனோவா மிட்டாயை மென்று முடித்தாள். “இப்ப அதே அழுக்கு வேணும்.”

“ஆமாங்.”

“கெஞ்சிக் கேக்கீயளா?”

“நெம்பக் கெஞ்சிக் கேக்குறனுங்.”

“சரி. ஆனா ஒண்ணு. நெலாவண்டிக்குப் பொட்டு வச்சீய, வயித்துக்கு வச்சீய, திருப்புளிக்கு வச்சீய. எங்குழாய மட்டும் ஏன் விட்டீய? அதுக்கும் ஒண்ணு வச்சாத்தான் கழட்டுவேன்.”

சந்தனக் கிண்ணம் வந்தது. உலகத்தில் எந்தச் சாக்கடை வளைவுக்கும் கிடைக்காத மரியாதையோடு, தெய்வசிகாமணி முழந்தாளிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதன் நெற்றி என்று தோன்றிய இடத்தில் பொட்டு வைத்தார். செய்தி கேட்டு ஓடிவந்த நூர்ஜகான், அவர் கையுறை மாட்டிக்கொள்வதைப் பார்த்துப் பதறினார்.

“கைய எடுங்க! உங்க கையுறையே கிருமிநாசினியில ஊறினது. உங்க கை அதைவிட மோசம், ஆஸ்பத்திரி மாதிரி. தொட்டீங்கன்னா மிச்சமிருக்கிறவனும் செத்துருவான். ஜெனோவா, நீ எடும்மா. உன் கைதான் நல்ல கை.”

பண்ணைக்கு வந்த பதினான்கு மாதத்தில், யாரும் தன் கையைப் பழித்து அவர் கேட்டதில்லை. தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டார். பூஜைக்குப் பளபளவென்று தேய்த்துவைத்திருந்த அதே தாம்பாளம். அதில் ஜெனோவா குழாய்க்குள்ளிருந்து வழித்து வழித்துப் போட்டாள். மனம் பதறியது. ஆனால் ஒரு சொட்டும் சிந்தாமல், ஏழு பேர் வழிவிட்டு நிற்க, அவர்தான் அதை வயிற்றுக்குக் கொண்டுபோனார்.

அங்கயற்கண்ணி நிலையத்தின் பதிவேட்டை நீட்டினார். தெய்வசிகாமணி எழுதினார்: ‘தொட்டியைக் கழுவியது நான். என் கையால்தான் கழுவினேன்.’ பிறகு தலைமை அலுவலகத்துக்குத் தனியே ஒரு கடிதம்: மூன்றாம் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் வெகுநேரம் தயங்கி, ‘அழுக்கு தேவைப்பட்டது’ என்று நிரப்பினார். இந்த முறை வாய்விட்டுப் படிக்கவில்லை. கோப்பு போய்ச் சேர்வதற்குள் அடுத்த கப்பலின் பட்டியலில் ஜெனோவாவின் பெயரை ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகு காத்திருப்பு. நூர்ஜகான் தொட்டிமேல் ‘கழுவாதீர்’ என்று ஓர் அட்டை ஒட்டினார். அது யாருக்கு என்று பெயர் போடவில்லை. தெய்வசிகாமணி தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். கை அரிக்கும். தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். தானாக ஓடிவரும் துடைப்பான் வண்டியைச் “சூ, அக்கட்டப் போ” என்று விரட்டுவார். பத்தாம் நாள் ஒரு வளையத்தை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நூர்ஜகானிடம் ஓடினார்.

“லேசா வழுக்குதுங்க!”

“சந்தோஷம்.”

“நேத்தைக்கு இன்னைக்குத் தேவலைங்க. ஓரத்துல பழுப்புக்கூட வந்துருச்சு. நல்ல நெறமுங்க.”

“அண்ணே, நீங்க போய்க் கொஞ்சம் படுங்க.”

இருபதாம் நாள் வாடை குறைந்தது. முப்பதாம் நாள், தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்கச் சொட்டு மருந்து விட்டதும் பரிசோதனைக் குழாய் இளஞ்சிவப்பானது. நூர்ஜகான் அந்தக் குழாயை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஆட்டிக் காட்டினார். விடுதிக்காரன் கொடுத்த இரண்டு மாதம் முடிய ஆறு நாள் இருந்தபோது, இயந்திரக் கைகள் முதல் கூடையைப் பறித்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு நான்கு இலை. கறுக், கறுக் என்ற சத்தம் மட்டும். சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேரும் ஆளுக்கொரு இலையை மாற்றிக்கொண்டார்கள். ஜெனோவா தன் நான்காவது இலையைத் தெய்வசிகாமணியின் தட்டில் வைத்தாள்.

“கழுவலியே, தின்பீயளா?”

தின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்தின் பதில் வந்தது. அறையில் தனியாக உட்கார்ந்து திறந்தார்.

‘பொருள்: உரப் பிரிவு - பணியாளர் எண் எட்டு - அறிவுறுத்தல். தாங்கள் அனுப்பிய மூன்று புகார்களும், மூன்றாவதைத் திரும்பப் பெறும் கடிதமும் ஒருசேரப் பரிசீலிக்கப்பட்டன. செல்வி ஜெனோவா உரப் பிரிவில் தொடர்ந்து நான்கு காலாண்டுகளாக முதலிடம் வகிப்பதால், அவரைத் திருப்பி அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. எட்டுப் பேர் அடங்கிய அப்பிரிவில் தங்கள் பங்களிப்பு கடைசியாக உள்ளது. சனிக்கிழமைகளில் அறவே இல்லை. ‘சுகாதார அதிகாரி’ என்பது தங்கள் ஆர்வத்தைக் கருதி வழங்கப்பட்ட பட்டமேயன்றிப் பணி அன்று என்பதை நினைவூட்டுகிறோம். தங்கள் பணி யாதெனத் தாங்கள் அறிவீர்கள். வரும் காலாண்டில் முன்னேற்றம் இல்லையெனில் மாற்று நபர் அனுப்பப்படுவார்.’

மூன்று தரம் படித்தார். மூன்றாம் தரம் வாய்விட்டு. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் கடலைமிட்டாய்ச் சத்தம் நின்றது.

சாப்பாட்டுக் கூடத்துக்குக் கடிதத்தோடு போனார். “உங்களுக்கெல்லாம் தெரியுமுங்களா?”

அங்கயற்கண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களுக்குத் தெரியாதாய்யா? அன்னைக்கு உப்பு வந்தா நாம எதுக்குன்னு அத்தனை தெளிவாச் சொன்னேனே.”

“நேர்முகத் தேர்வுல என்ன கேட்டாங்க?” என்றார் நூர்ஜகான் மெதுவாக.

தெய்வசிகாமணிக்கு அந்த மூன்று பேரும், அந்த மூன்று விதமும் ஞாபகம் வந்தன. மணி அடித்து நன்றி சொல்லும் கழிப்பறையும் ஞாபகம் வந்தது.

“வருத்தப்படாதீய அண்ணாச்சி,” என்றாள் ஜெனோவா. “நானும் குழாய்ப் பொறியாளர்னு நம்பிக்கிட்டு முதல் மூணு மாசம் நட்டெல்லாம் முறுக்கிட்டுத்தான் திரிஞ்சேன். பொறவு ஒரு நா பாத்தா, குழாயெல்லாம் தன்னாலேயே முறுக்கிக்கிடுது. அன்னைக்குப் போய்ப் படுத்தவதான்.”

தெய்வசிகாமணி அறைக்குப் போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துணியை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, பழக்கதோஷத்தில் துடைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை தோறும் அவர் விரதம் என்பதால் எட்டாவது தட்டை யாரும் எடுத்து வைப்பதில்லை. அன்று அவரே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வழக்கமான இரண்டு இட்லியைச் சாப்பிட்டார். தட்டை மறுபடி நீட்டினார்.

“இன்னும் ரெண்டு வைங்க.”

ஜெனோவா எழுந்து பாத்திரத்தோடு வந்தாள். “நாலா வைக்கட்டா?”

தெய்வசிகாமணி பெருமாளை மனதில் நினைத்து ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். “வைங்க.”

“சட்னி?”

“ஊத்துங்க. தாராளமாவே ஊத்துங்க.”

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு, பதினாறு மாதத்தில் முதன்முறையாக ஒரு சனிக்கிழமையில், அவர் அறைக் கழிப்பறையில் மணி அடித்தது.

“நன்றி. மீண்டும் வருக.”

தெய்வசிகாமணி எழுந்து நின்றார். கையை இரண்டு தரம் கழுவினார். கதவைச் சாத்துவதற்கு முன், உள்பக்கம் திரும்பிப் பார்த்து, முதல்முறையாகப் பதில் சொன்னார்.

“கடமைதானுங்க.”